இருபதாம் தேதிக்கு அப்புறம் சேர்ந்தவன்

ஜூலை 3, திங்கள்

ஓசூர் கம்பெனியில் இன்று மெடிக்கல். நாற்பத்தேழு வயசு வயிற்றில் தெரிந்துவிடக் கூடாது என்று உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகளைவிட நாலைந்து வயசு மூத்த டாக்டரம்மா, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "மூச்சை நல்லா வெளிய விடுங்க" என்றது. விட்டேன். பேண்ட் கொக்கி தெறித்துப்போய் மேசையில் இருந்த ட்ரேயில் டிங் என்று விழுந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். குனிந்து 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. இடுப்பைப் பிடித்தபடியே போய் ஹெச்.ஆர். மேடம் முன்னால் உட்கார்ந்தேன்.

நிவேதா மேடம். சின்ன வயசு, நல்ல மரியாதை. "குருசாமி சார், மெயின்டனன்ஸ் ஃபிட்டர், மாசம் இருபத்திநாலாயிரம். பதினேழாம் தேதில இருந்து இருபத்திநாலுக்குள்ள என்னைக்கு வேணும்னாலும் ஜாயின் பண்ணலாம். உங்க வசதி சார்."

ராஜபாளையம் மில்லில் இருபத்திரண்டு வருஷம் நான் 'ஏய் குரு'. மில் மூடிய ஒன்பது மாசமாக அதுகூட இல்லை. இங்கே ஒரே மூச்சில் இரண்டு சார். சார் என்று கூப்பிடுகிறவரிடம் 'முதல் சம்பளம் என்றைக்குங்க?' என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் இந்த ஆள் கையில் காசில்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார்களே. (நிஜமும் அதுதான்.) மாசம் ஏழாம் தேதி சம்பளம் என்று செக்யூரிட்டியிடம் விசாரித்துக்கொண்டேன். வீடு மாற்றும் செலவுக்கு, பில் கொடுத்தால் பதினைந்தாயிரம் வரைக்கும் கம்பெனியே தருமாம்.

சேரும் நாள் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை என்று எழுதிக் கொடுத்தேன். ஆடி முதல் வெள்ளி. இந்திராணி போனில் ஆசைப்பட்டாள்.

இந்த டைரி மில்லில் கடைசியாகக் கொடுத்தது. கிழமைகள் பொருந்தாது. அடித்துத் திருத்தி எழுதுகிறேன்.

ஜூலை 6, வியாழன்

மூன்று நாளாக லாட்ஜில் தங்கி வீடு தேடினேன். பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் நாம் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டோம் என்பது நமக்குத் தெரியும். வீட்டுக்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இன்று பார்த்தது முனிரத்தினம் என்பவர் வீடு. கீழே இரண்டு ரூம், மாடியில் ஒரு ரூம். வாடகை ஆறாயிரம்.

"அட்வான்ஸ் பத்து மாசம் சார்."

"பத்து மாசமா? எங்க ஊர்ல மூணு மாசம்தாங்க வாங்குவாங்க."

"உங்க ஊர் எங்க இருக்கு, இது எங்க இருக்கு? அந்த ரோட்டுல ஏறி உக்காந்தா பெங்களூர். அந்தக் கணக்குதான் இங்க."

"கொஞ்சம் குறைச்சுக்கிட்டா..."

"அவசரமே இல்ல சார். ஆடி போகட்டும், ஆவணில வாங்க. பேசிக்கலாம்." சொல்லிவிட்டுச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றுகிறார். இருபத்தொன்றாம் தேதி வேலைக்குச் சேருகிறவன் ஆவணி வரைக்கும் எங்கே படுப்பான் என்று அவருக்குத் தெரியாதா? அவர் காலண்டரில் நாங்கள்தான் அறுவடை.

சரி என்றேன். எங்கே போவது?

ஜூலை 9, ஞாயிறு

ராஜபாளையம் வந்துவிட்டேன். பி.எஃப். பணத்தில் லாரிச் செலவு போக முப்பத்தெட்டாயிரம் நிற்கிறது. மில்காரர் தரவேண்டியது கோர்ட்டில் தூங்குகிறது. இந்திராணி கழுத்தில் இருப்பது ஒன்பது மாசமாகக் கவரிங். இது தெருவில் யாருக்கும் தெரியாது, டைரிக்கு மட்டும் தெரியும். துண்டு விழுவது இருபத்திரண்டாயிரம்.

தர்சினியிடம் சரியாக இருபத்திரண்டாயிரம் இருந்தது.

என் மகள் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். கவுன்சிலிங்கில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி கிடைத்திருக்கிறது, நேராக இரண்டாம் வருஷம். முதல் பட்டதாரி சலுகை கழித்து, ஹாஸ்டலோடு சேர்த்து இருபத்திரண்டாயிரம். கட்டக் கடைசி நாள் ஆகஸ்ட் பதினொன்று. இரண்டு வருஷமாகச் சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டரில் பத்திரம் டைப் அடித்துச் சேர்த்த பணம் அது. எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை.

"பாப்பா, ஏழாந்தேதி சம்பளம். பதினோரு நாள் சம்பளமும் லாரிக் காசும் சேத்து இருபத்திமூணு வந்துரும். உனக்குப் பதினொண்ணாந்தேதிதான கடைசி? நடுவுல நாலு நாள் இருக்கு."

"நாலு நாள்தான் இருக்கு."

"கம்பெனிப்பா. ஏழுன்னா ஏழுதான்."

"மில்லும் கம்பெனிதான்."

இந்திராணி, "அப்பாகிட்ட இப்படியா பேசுவ?" என்றாள். தர்சினி போனை எடுத்து அப்போதே எனக்கு அனுப்பிவிட்டாள். என் போன் சத்தம் போட்டது. இவ்வளவு சீக்கிரம் அனுப்புவாள் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஜூலை 13, வியாழன்

சாமான் ஏற்றியாயிற்று. இந்திராணியின் தம்பி தங்கமாரி ஏற்பாடு. கோஸ் ஏற்ற ஓசூருக்குக் காலியாகப் போகிற லாரி. பேக்கர்ஸ்காரன் பதினைந்து கேட்டான், இது ஒன்பது.

"அத்தான், நான் இல்லாட்டி நீங்க என்ன பண்ணிருப்பீக?"

"நிம்மதியா இருந்திருப்பேன் மாப்ள."

பில்லும் வாங்கிக்கொண்டோம்.

ஜூலை 14, வெள்ளி

பால் காய்ச்சினோம். பொங்குவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் கேஸ் தீர்ந்துவிட்டது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, பக்கத்திலேயே இருக்கிற முனிரத்தினம் வீட்டு அடுப்பில் வைத்ததும் பொங்கியது. அவர் சம்சாரம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டார். அறுபதாயிரம் கொடுத்தது நாங்கள், பொங்கினது அவர்கள் வீட்டில்.

ஜூலை 21, வெள்ளி

சேர்ந்தாயிற்று. என்னோடு சேர்ந்தவர்கள் ஆறு பேரும் என் மகள் வயசு. எல்லா மெஷினிலும் டிவி மாதிரி ஒரு திரை. சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுகிறவன் நான். இங்கே மெஷினே என்ன கோளாறு என்று எழுதிக் காட்டுகிறது, இங்கிலீஷில்.

இருபது இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன்.

ஜூலை 26, புதன்

கோபம் அடங்கவில்லை. எழுதினால் ஆறும் என்று எழுதுகிறேன்.

மத்தியானம் கேன்டீனில் பக்கத்தில் சென்னப்பா. என் ஷிப்டு, உள்ளூர்க்காரன்.

"என்னைக்கு ஜாயின் பண்ணீங்கண்ணா?"

"இருபத்தொண்ணு."

சாப்பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தான். "அய்யோ, ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? இருபதுக்கு மேல சேர்ந்தா அந்த மாசச் சம்பளம் அடுத்த மாசத்தோடதான் வரும். உங்களுக்கு இனிமே செப்டம்பர் ஏழுதான்."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஹெச்.ஆருக்குப் போனேன்.

"கரெக்ட்தான் சார். நீங்க சைன் பண்ண பேப்பர்ல பதினோராவது பக்கத்துல இருக்கு."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பதினேழே வந்திருப்பேனே மேடம்."

"டேட் நீங்கதானே சார் சூஸ் பண்ணீங்க. பணம் எங்கயும் போகாது. மொத்தமா வரும்."

"மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். அட்வான்ஸ் மாதிரி ஏதாவது..."

"ஆறு மாசம் கழிச்சு, கன்ஃபர்ம் ஆனவங்களுக்குத்தான் சார்."

சார், சார், சார். அந்த வார்த்தையைக் கேட்டு மயங்கிய நாக்கை அறுத்துப்போட வேண்டும். கடைசியில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேங்க்யூ மேடம்." எதற்கு நன்றி? என் சம்பளத்தைப் பத்திரமாக வைத்திருப்பதற்கா?

வெளியே வந்து சுவரை ஓங்கி உதைத்தேன். சேஃப்டி ஷூ, முனையில் இரும்பு. எனக்கும் வலிக்கவில்லை, சுவருக்கும் வலிக்கவில்லை. கோபப்படுவதற்குக்கூட ஒரு கொடுப்பினை இல்லை.

நான் கேட்கிறேன். வீட்டுக்காரன் தங்குவதற்கு முன்னாலேயே வாங்குகிறான். கம்பெனிக்காரன் வேலை பார்த்து ஒன்றரை மாசம் கழித்துக் கொடுக்கிறான். இரண்டு பேருக்கும் சட்டம் இருக்கிறது, காகிதம் இருக்கிறது. நடுவில் நிற்கிறவன் அதுவரைக்கும் எதைத் தின்பான் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. பதினோராம் பக்கத்திலும் இல்லை. சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 27, வியாழன்

இந்திராணியிடம் கத்திவிட்டேன். "உன் ஆடி வெள்ளியால வந்த வினை! பதினேழாந்தேதி சேர்ந்திருந்தா இந்தக் கேடு வந்திருக்குமா?"

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நானா சொன்னேன்? எப்ப சொன்னேன்?"

"நீதான்..."

"பதினேழே போங்க, சட்டுனு சேர்ந்துருங்கன்னேன். அம்மாசை அன்னைக்கு எவன் சேருவான், வெள்ளிக்கிழமை போறேன்னு சொன்னது யாரு? பதினாலே இங்க வந்துட்டோம். ஏழு நாள் வீட்டுல என்ன செஞ்சீங்க?"

சுவரில் ஆணி அடித்தேன். காலண்டருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று.

மெடிக்கல் அன்று மேடம் அறைக்குப் போகிற வழியில் கண்ணாடிக் கதவு வழியாக மெஷின்களில் இருந்த அந்தத் திரைகளைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அதை இந்திராணியிடம் சொல்லவில்லை. நாலு நாள் தள்ளிப் போனால் நாலு நாள் லாபம் என்று இருந்தது. அம்மனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வெண்டைக்காய்ப் பொரியலில் உப்பே இல்லை. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

லாரிக் காசாவது தனியாக வருமா என்று கேட்கப் போனேன். நிவேதா மேடம் என் பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல ஜி.எஸ்.டி. நம்பர் இல்லையே சார். அக்கவுன்ட்ஸ்ல எடுக்க மாட்டாங்க. ஒரிஜினல் பில் வாங்கிட்டு வாங்க."

நியாயமாகப் பார்த்தால் எனக்கு இங்கேயும் கோபம் வரவேண்டும். வந்தது, ஆனால் நொண்டிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்தப் பில் தங்கமாரி ஏதோ பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்த, எதுவும் நிரப்பாத பில் தாள். ஒன்பதைப் பதினைந்து என்று நிரப்பியது நான்தான். அந்த ஆறாயிரமும் சேர்ந்தால்தான் தர்சினியின் இருபத்திரண்டு நிரம்பும் என்று மனக்கணக்கு. லாரிக்காரன் கொடுத்த ஒன்பதாயிரம் ரூபாய்த் துண்டுச் சீட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. பதினைந்து என்று கொடுத்தவன் எந்த முகத்தோடு ஒன்பதை நீட்டுவான்?

"மூணு நாள்ல கொண்டு வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்து சீட்டைக் கிழித்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் மில்லிலிருந்து ஒரு நட்டு போல்ட் எடுத்து வந்ததில்லை. திருடத் தெரியாதவன் திருடினால் இப்படித்தான்.

ஆகஸ்ட் 5, சனி

முனிரத்தினத்தைப் போய்ப் பார்த்தேன். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அட்வான்ஸ்ல ஒரு இருபத்திரண்டு திருப்பிக் குடுத்தா செப்டம்பர் ஏழாந்தேதி அப்படியே வச்சிருவேன். மக படிப்பு."

"குடுக்கறதுல எனக்கு என்ன சார் கஷ்டம்? பணம் என்கிட்ட இல்லையே."

"அறுபதாயிரம் குடுத்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகலையே?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர் காலி பண்ணாரில்ல? அவர் அட்வான்ஸை உங்க பணத்துலதான் செட்டில் பண்ணேன். நீங்க காலி பண்ணும்போது வர்றவர் பணத்துல உங்களுக்கு. இங்க எல்லா வீட்லயும் அப்படித்தான் சார்."

அப்படியென்றால் என் மகளின் இரண்டு வருஷச் சாயங்காலத்தை முகம் தெரியாத ஒருவன் வாங்கிக்கொண்டு வேறு எங்கேயோ அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். அந்த வீட்டுக்காரன் அதை இன்னொருத்தனுக்குக் கொடுத்திருப்பான். யாரைப் போய்ச் சட்டையைப் பிடிப்பது? பணம் ஓடிக்கொண்டே இருக்கிறது, எல்லாரும் நியாயமாகப் பேசுகிறார்கள்.

"ஒரு பத்தாவது பாருங்கண்ணே" என்று இன்னும் கொஞ்சம் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேனா, கும்பிட்டேனா, ஞாபகம் இல்லை. அவர் துடைத்து முடித்து உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 7, திங்கள்

சம்பள நாள். பத்தரை மணிக்கு ஷெட் முழுக்க ஒவ்வொரு போனாகச் சத்தம் போட்டது. என் போனும் போட்டது. ரீசார்ஜ் முடியப்போகிறதாம்.

ஆகஸ்ட் 9, புதன்

ஊரில் என்றால் நாலு பேரிடம் கேட்கலாம், திட்டிக்கொண்டே கொடுப்பார்கள். இங்கே நான் யார் என்று யாருக்கும் தெரியாது. பைனான்ஸ்காரன் இந்த ஊர் விலாசத்தில் ரேஷன் கார்டு கேட்கிறான். சென்னப்பா இரண்டாயிரம் கொடுத்தான். கேட்காமலே கொடுத்தான். அவனுக்கும் மூன்று பிள்ளைகள்.

தங்கமாரிக்குப் போன் போட்டேன்.

"அத்தான், இருந்தா குடுக்க மாட்டேனா? அந்தப் பில்லு பாஸ் ஆயிருச்சா?"

வைத்துவிட்டேன். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் சொந்தம் அறுந்திருக்கும்.

ஆகஸ்ட் 10, வியாழன்

வேலை முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். தர்சினி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இனிமே யார்ட்டயும் கேக்காத."

"நாளைக்கு ஒரு நாள் இருக்கு. சூப்பர்வைசர்ட்ட..."

"சீட்ட விட்டுட்டேன். செவ்வாக்கிழமையே ஆன்லைன்ல வேண்டாம்னு குடுத்துட்டேன்."

டம்ளரை வைத்த வேகத்தில் காபி டைரி வரைக்கும் தெறித்தது. இதோ, இந்தக் கறை அதுதான்.

"யாரக் கேட்டு விட்ட? உனக்கு அவ்வளவு பெரிய மனசா? தியாகம் பண்றியா?"

"தியாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முனிரத்தினம் அங்கிள் வாசல்ல நீ கும்பிட்டுக்கிட்டு நின்னத மாடில துணி காயப்போடும்போது பாத்தேன். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எம்பணத்துக்கு நீ எதுக்குப்பா அந்தாளு பைக்கு முன்னாடி நிக்கணும்?"

"அதுக்காகப் படிப்ப விடுவியா? அப்பன் செத்தா போயிட்டேன்?"

"கத்தாத. அடுத்த வருசம் திரும்ப கவுன்சிலிங் போடலாம், கேட்டுட்டேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு டைப்பிங் சென்டர்ல ஆள் வேணும்னாங்க. மாசம் ஒம்போதாயிரம், திங்கக்கிழமை போறேன். எம்பணம் இருபத்திரெண்ட செப்டம்பர் ஏழாந்தேதி காலைல எனக்கு அனுப்பணும். சாயங்காலம் இல்ல, காலைல."

"முடியாது! நாளைக்கு அந்தக் காலேஜுக்கே போன் போட்டு..."

"போட்டு என்ன சொல்லுவ? எம்மவ கோபத்துல விட்டுட்டான்னா?"

கத்தினேன். அவளையும், கம்பெனியையும், தங்கமாரியையும், குறுக்கே வந்த இந்திராணியையும். இந்திராணி அழுதாள், தர்சினி அழவில்லை. எனக்குத் தொண்டை கட்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். என் யூனிஃபார்மையும் சேர்த்துத்தான் மடித்தாள்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கடைசி நாள். மூன்றாம் லைனில் கன்வேயர் நின்றுவிட்டது. திரையில் வேறு எதையோ காட்டியது. நான் குனிந்து கேட்டுவிட்டு பேரிங் என்றேன். கழற்றிப் பார்த்தால் பேரிங்தான். சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். இன்னொரு நாளாக இருந்தால் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அளந்திருப்பேன். மணி ஐந்தானபோது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் தர்சினி செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை ஒன்பதரைக்குப் போகணும்ப்பா. பஸ் எத்தனை மணிக்கு?"

"எட்டே முக்காலுக்கு ஒண்ணு இருக்கு. கூட்டமா இருக்கும். முன் பக்கமா ஏறு."

"சரி."

"அடுத்த வருசம் கண்டிப்பா சேத்துருவேன் பாப்பா."

"நானே சேந்துக்கிடுவேன். நீ காச மட்டும் குடு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தேன்.

நேற்று நான் கத்தினதெல்லாம் தன் மேல் உள்ள பாசத்தினால் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்திராணியும் காலையில் அப்படித்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒம்மேல உசுரு, அதான் அப்படிக் கத்துறாரு." நான் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்காத மாதிரி போய்விட்டேன்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். 'சீட்ட விட்டுட்டேன்' என்று அவள் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. ஒரே ஒரு நொடி, அப்பாடா என்று இருந்தது. கத்தினதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.